சனிச்சட்டியின் மூன்று வரிகள்

ஏலியாகுவை உப்பளத்துக்குப் பக்கத்து இடுகாட்டில் அடக்கம் செய்து, அவர் மகள் மல்கா ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்து முடித்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை மதியம், அவள் சனிச்சட்டியின் மூடியைத் திறந்தபோது, உள்ளிருந்து எழுந்த ஆவி எப்போதும்போல் கலைந்து போகாமல், அவள் முகத்துக்கு நேரே மூன்று வரிசையாகப் பிரிந்து, ஒற்று மிகவேண்டிய இடத்தில் ஒற்று மிகுந்து, தெளிவான தமிழ் எழுத்துகளாக நின்றது.

ராத்திரி முழுக்க அடுப்பில்
எழுந்து பார்க்க நாதியில்லை
உப்பும் குறைவு

எழுத்துகள் வெள்ளையாக இருந்தன, அவற்றின் ஊடே சமையலறைச் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. அவள் வாசித்து முடிக்கும்வரை அவை காத்திருந்தன, பிறகு பெரியவர்கள் பந்தியிலிருந்து எழுவதுபோல் ஒவ்வொன்றாக எழுந்து சன்னல் வழியே போயின. மல்கா மூடியைக் கீழே வைத்தாள். அவள் அலறவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. "உப்பெல்லாம் சரியாத்தான் போட்டேன்" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, சனிக்கிழமை தவறாமல் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு மூன்று தட்டுச் சாப்பிடும் ஒரு மனிதரை நினைத்து, அப்பா இறந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்தபடியே அழவும் செய்தாள்.

எங்கள் சிப்பித்துறையில் யூதர்கள் வந்த கதை ரொம்பச் சுருக்கம். மிளகு வாங்க வந்த கப்பலில் வந்தார்கள், காற்று திரும்பும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினார்கள், அதற்குப் பிறகு காற்று எத்தனையோ முறை திரும்பியும் அவர்கள் திரும்பவில்லை. ஒரு தெரு கட்டினார்கள், தெருக்கோடியில் யூதப் பள்ளி என்று ஊர் சொல்லும் தொழுகைக்கூடத்தைக் கட்டினார்கள், எங்களோடு சேர்ந்து எங்கள் தமிழிலேயே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். அன்று அடுப்பு பற்றவைக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, எழுதக் கூடாது, எதையும் சுமந்துகொண்டு தெருவில் நடக்கக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே அரிசியும் கோழியும் முட்டையும் மசாலாவும் ஒரே சட்டியில் போட்டு, மூடியின் விளிம்பை மாவால் பூசி, தணலில் வைத்துவிடுவார்கள். மறுநாள் மதியம் வரை அது தானாக வேகும். அதற்கு எபிரேயத்தில் ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அது சனிச்சட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று தாங்கள் வேலை செய்யக் கூடாது என்பதோடு, பிறரை ஏவவும் கூடாது. ஆனால் உலகத்தைப் பற்றிப் பொதுவாக ஒரு கருத்துச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. மல்கா தன் சன்னலில் நின்று, "இன்னிக்குக் காத்து எந்த ஊருக்குப் போச்சுன்னே தெரியல" என்று வானத்திடம் சொல்வாள். அடுத்த வீட்டு முஸ்லிம் பெண் ஜொகரா, தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஏதோ தனக்கே தோன்றியதுபோல் வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போவாள். சொல்லாமல் சொல்வதில் அந்தத் தெருக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஞாயிறு முதல் வெள்ளி வரை மட்டும், சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொல்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்லா வீட்டுச் சட்டியும் எழுதியது.

பள்ளியின் பெரியவர் சிம்சோன் வீட்டுச் சட்டி, பாவமன்னிப்பு நாளைப் பற்றி எழுதியது:

நாள் முழுக்க உபவாசம்
நெஞ்சில் அறைந்து அழுதான்
இட்லியை நினைத்து

அவர் மனைவி அதைச் சத்தமாக வாசித்ததுதான் அவருக்குக் கோபம். ஆனாலும் ஆவியின் முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார், ஏனென்றால் இட்லி விஷயம் அவரையும் ஆண்டவனையும் தவிர யாருக்கும் தெரியாது. கோடி வீட்டில் எழுதியது இது:

கூரையில் இடைவெளி விட்டோம்
நட்சத்திரம் பார்க்க
நுழைந்தது ஐப்பசி மழை

அவர்களுடைய குடில் பண்டிகையில் ஓலைக்குடில் கட்டி, கூரை வழியே வானம் தெரிய, உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பாலைவனத்துக்காரர்கள். எங்கள் ஊரில் அது சரியாக அடைமழையில் வரும். தலைமுறை தலைமுறையாகக் குழம்பில் மழை விழச் சாப்பிட்டுக்கொண்டே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை ஒரு சட்டி சொல்லிவிட்டது.  அந்த வீட்டில் எல்லோரும் சிரித்த சிரிப்பில் பரண்மேல் இருந்த புறா எழுந்து போனது.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதம் பற்றி இப்போது கேட்கிறவர்கள் நம்புவதில்லை. யாரும் மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை மதியம் யூதர் தெருவுக்குக் கூட்டம் வந்தது. மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள், கோயில் பூசாரி வந்தார், மாதா கோயில் உபதேசியார் வந்தார், யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டார்கள். சன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்று, ஆவி எழுத்தாக மாறும் அந்தக் கண நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை முறை பார்த்தாலும் முதுகுத்தண்டு சிலிர்க்கும், கண் தானாக நிறையும். அடுத்த நொடி படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். பயமும் சிரிப்பும் ஒரே தட்டில் பரிமாறப்பட்ட மாதிரி அது. பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார் பொன்னுராசு ஒருநாள் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு ஹைக்கூன்னு பேரு. ஜப்பான்காரங்க வகை" என்றார்.

"சப்பான்ல கோழி போடுவானா, மீன் போடுவானா?" என்று கேட்டார் சிம்சோன்.

யூதர் தெருவுக்குள் சச்சரவு வேறு மாதிரிப் போனது. எழுதுவது சனிக்கிழமை விலக்கப்பட்ட வேலை. மூடியைத் திறந்தால் எழுத்து வரும் என்று தெரிந்தே திறப்பவன் எழுதியவன் ஆவானா, மாட்டானா? நிலைக்காத எழுத்து எழுத்தே அல்ல, ஆகவே குற்றமில்லை என்றது ஒரு கட்சி. படித்தவன் மனசில் நிலைக்கிறதே, அது எந்தக் கணக்கு என்றது இன்னொரு கட்சி. அப்படியானால் அதை மறந்துவிடுகிறவன் நீதிமானா என்று கேட்டது மூன்றாவது கட்சி. பல வாரம் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் மல்கா சன்னலில் நின்று, "மூடிக்கு உள்ள மூச்சு முட்டுது போல" என்று தெருவிடம் சொன்னாள். ஜொகரா வந்து திறந்தாள். அன்றிலிருந்து எல்லா வீட்டு மூடியும் அவள் கையால்தான். எழுதுவது யார் என்ற கேள்விக்கும் அவளே முடிவு கட்டினாள். சட்டியின் நீராவியா, இல்லை செத்தவருடைய ஆவியா என்று ஆண்கள் வாசலில் அடித்துக்கொண்டிருந்தபோது, "ரெண்டுக்கும் ஒரே சொல்லத்தான நம்ம வச்சிருக்கோம். வச்சவன் என்ன மடையனா?" என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்படி ஊர் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் மல்காவுக்கு அந்த இடி வந்தது.

இறந்த தகப்பனுக்காக ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தினமும் பள்ளியில் ஒரு ஜெபம் சொல்ல வேண்டும், காதிஷ் என்பார்கள். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, ஆண்டவனைப் புகழ்வது மட்டும்தான். கூடியிருப்பவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அந்த ஆமென்களைப் பிடித்துக்கொண்டுதான் போனவருடைய ஆத்மா படிப்படியாக மேலே ஏறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் சிம்சோன் சொல்வார். மல்கா மேலே பெண்கள் மாடத்தில் நின்று உதட்டுக்குள் கூடவே சொல்வாள். ஆனால் பத்து ஆண்கள் கூடாவிட்டால் காதிஷ் சொல்ல முடியாது. தெருவில் பாதி வீடு ஏற்கனவே இஸ்ரேலுக்குப் போய்விட்டது. பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பத்துப் பேரில் ருபேன் என்பவரையும் அங்கே ஹைஃபாவிலிருந்து மகள் அழைத்துக்கொண்டாள்.

மனிதர்களை எண் சொல்லி எண்ணுவது அவர்கள் வழக்கமில்லை, கண்பட்டுவிடும். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். அந்த வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு 'என்றென்றும்' என்று பொருள். ருபேன் டாக்ஸி ஏறிய அன்று மாலை சிம்சோன் சொல்லிக்கொண்டே தொட்டுக்கொண்டு வந்தார். வசனம் முடியும் முன் ஆட்கள் முடிந்துவிட்டார்கள். அவர் விரல் வெறும் காற்றில் நின்றது.

"என்றென்றும் வரலியே" என்றார். மேலே மல்கா மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்று காதிஷ் இல்லை, மறுநாளும் இல்லை.

தெருவில் இன்னும் ஒரு யூத ஆண் இருந்தார். நெகேமியா. துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். கடலில் கிடைப்பதில் செதிலும் துடுப்பும் இல்லாத எதையும் யூதர்கள் சாப்பிடக் கூடாது. இறாலையும் நண்டையும் சுறாவையும் கூவிக் கூவி விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து வாழைப்பழம் தின்பார். கல்யாணம் ஆகாதவர், சட்டி வைக்காதவர். அந்தத் தெருவில் ஆவி எழுதாத ஒரே வீடு அவருடையது. அவர் குரல் கரையில் ஆரம்பித்தால் நடுக்கடலில் இருக்கிற படகுக்குக் கேட்கும். இருபது வயசில் அந்தக் குரலோடுதான் பள்ளிக்கும் வந்தார். ஒரு பண்டிகை நாளில் அவர் ஆமென் சொன்னபோது, ஏலியாகு திரும்பிப் பார்த்து, "நெகேமியா, ஆண்டவன் ஏலம் எடுக்க வரலடே, மெதுவாச் சொல்லு" என்றார். பள்ளி முழுக்கச் சிரித்தது. மேலே மாடத்தில் சிரித்தவர்களில் மல்காவும் ஒருத்தி. நெகேமியா நிமிர்ந்து பார்த்தார். தொழுகை முடியும்வரை நின்றார். அதற்குப் பிறகு வரவில்லை. அப்போது ஆட்கள் நிறைய இருந்தார்கள், யாரும் தேடவில்லை.

மல்கா திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். அன்று கேட்பதற்குத் தடையில்லை, நேராகவே கேட்டாள்.

"நெகேமியா அண்ணே, அப்பாவுக்காக வாங்க. நீங்க இல்லாம காதிஷ் நின்னு போச்சு."

அவர் வாசலிலேயே நின்றார். "பாவமன்னிப்பு நாளுக்கு முன்னால ஒவ்வொருத்தரும் அடுத்தவன்ட்டப் போய் மன்னிப்புக் கேக்கணும். அவன் மன்னிக்காம ஆண்டவன் மன்னிக்கமாட்டான். அதான சட்டம்?"

"அதான் சட்டம்."

"எத்தன வருஷம் வந்துச்சு, போச்சு. நா கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன் மல்கா. உங்கப்பா இந்த வாசலக் கடந்துதான் பள்ளிக்குப் போவாரு. கேக்க வேண்டியவரு கேக்கல. இனி யாரு கேட்டு என்ன?"

"நா கேக்குறேன். நானும் சிரிச்சேன்."

"உன்னய எப்பவோ மன்னிச்சாச்சு" என்று சொல்லி, மெதுவாகத்தான், கதவைச் சாத்தினார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் மல்காவைச் சாப்பிடவிடாமல் செய்தது. அப்பா கெட்டவர் இல்லை. அவர் நாக்கு அவருக்கு முன்னால் ஓடும், அவ்வளவுதான், ஆனால் அது யார்மேல் மிதித்தது என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது மேலே ஏற வழியில்லாமல் எந்தப் படியில் நிற்கிறாரோ. வெள்ளிக்கிழமை அவள் இரண்டு சட்டி வைத்தாள். இரண்டாவதன் விளிம்பில் மாவை இரண்டு முறை பூசினாள். ஆவி எழுதுவதெல்லாம் கிண்டல். செத்தும் அடங்காத நாக்கு அந்த மனிதரை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்து இன்னொரு முறை கேலி செய்துவிட்டால், அதற்குப் பிறகு ஏழு கடலிலும் பரிகாரம் கிடையாது.

சனிக்கிழமை மதியம் சன்னலுக்கு வந்தாள். "ஒரு வீட்டுக்கு ரெண்டு சட்டி ரொம்ப அதிகம்" என்றாள் தெருவிடம். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஒத்தையா இருக்கிறவங்க வீட்டுல சோத்து வாசனையே இருக்காது, பாவம்."

ஜொகரா தையலை நிறுத்தினாள். மல்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு என்னமோ இன்னிக்கு அந்தப் பக்கமா நடக்கணும்போல இருக்கு" என்றாள் அவளும் தெருவிடமே. சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் மல்கா நடந்தாள், அவளுக்குப் பின்னால் சிம்சோன், அவருக்குப் பின்னால் சன்னல் சன்னலாகக் காத்திருந்த கூட்டம் முழுவதும், செருப்பில்லாமல், சத்தமில்லாமல், சுடுமணலில் நடந்தது.

நெகேமியா மேசையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஜொகரா சட்டியை அவர் முன்னால் வைத்தாள். "கை வலிக்குது நெகேமியாண்ணே, கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டும்" என்றாள். மாவுப்பூச்சை நெம்பி மூடியை எடுத்தாள்.

நாங்கள் அதுவரை பார்த்த ஆவியெல்லாம் ஒன்றுமில்லை. அன்று எழுந்தது வெள்ளைத்தூண் மாதிரி எழுந்தது, உத்தரம்வரை போனது, அங்கிருந்து தயங்கித் தயங்கி, தெரியாத வீட்டுக்குள் நுழைகிறவர்போல் இறங்கி, அந்த மனிதரின் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. முதல் வரி எழுதியது. நின்றது. இரண்டாம் வரி எழுதியது. மூன்றாவது வரிக்கு முன்னால் நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை, வேகும் சோற்றின் மூச்சு மட்டும் கேட்டது, மல்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

இங்கே எல்லாரும்
மெதுவாகவே பேசுகிறார்கள்
நெகேமியா, கேட்கவில்லை

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆமென் காதில் விழவில்லை என்கிறதா, மன்னிப்பை நான் கேட்கவில்லை என்கிறதா என்று தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. நெகேமியாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எழுத்துகள் கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளில்போல் அவை உடனே போகவில்லை, அவர் தலையசைத்த பிறகுதான் போயின. "உக்காரு மல்கா" என்றார். ஒரு தட்டில் சோறு எடுத்துவைத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலத் தொழுகைக்கு சிம்சோன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு வந்தார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தார். விரலை நீட்டி, புதுச் சட்டை போட்டு நின்றிருந்த நெகேமியாவின் மார்பைத் தொட்டு, "என்றென்றும்" என்றார்.

காதிஷ் தொடங்கியது. முதல் ஆமென் வந்த இடத்தில் நெகேமியா வாயைத் திறந்தார். அத்தனை வருஷம் அடக்கிவைத்த அந்த ஆமென் பள்ளியின் தூங்காவிளக்கை ஆட்டிவிட்டு, மாடத்தில் நின்ற மல்காவின் முக்காட்டைத் தூக்கிவிட்டு, சன்னல் வழியே வெளியேறி, உப்பளத்தைத் தாண்டி, இடுகாட்டின் கல்வெட்டுகளைத் தடவிக்கொண்டு, துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஏலக்கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்த வியாபாரிகள் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார்கள். கடலுக்குள் இருந்த படகுகளில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் தெருவில் நின்றிருந்தோம். பள்ளியின் ஓடுகளுக்கு மேலே அந்தச் சத்தம் படிப்படியாக ஏறிப்போவதை நாங்கள் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தோம். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மல்கா உதட்டுக்குள் சொல்லவில்லை. அன்று அவளும் வாய்விட்டே சொன்னாள், யாரும் தடுக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மதியம் மற்ற வீடுகளின் சட்டிகள் எழுதவில்லை. ஆவி ஆவியாகவே வந்து, வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. கூட்டம் ஏமாந்து மல்கா வீட்டுச் சன்னலுக்கு வந்தது. நெகேமியாவும் வந்திருந்தார், அவரை அவள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஜொகரா மூடியைத் திறந்தாள். மெலிசாக, ரொம்ப உயரத்திலிருந்து எழுதுவதுபோல், எழுத்துகள் வந்தன.

கேட்டேன் கேட்டேன்
காது வலிக்கிறது
உப்பு மட்டும் குறைவு

நெகேமியா சிரித்தார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மல்கா கரண்டியில் ஒரு வாய் எடுத்து ஊதி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு குறைவாகத்தான் இருந்தது.